கழற்றச் சொன்ன சேட்டு

போன செவ்வாய்க்கிழமை காலை, பத்திரிகை அலுவலகத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. இந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் உதவி ஆசிரியர் பேசினார். இளம் பெண். ஆண்டு முடிகிறது அல்லவா... பத்தி எழுதுகிற எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கிறாராம். இந்த வருடம் உங்களுக்கு மிகவும் பிடித்த உடை எது? பிடித்த இசை எது?

"பிள்ளை, நீர் நம்பரை மாறி அடிச்சுப்போட்டீர் போல" என்றேன்.

"இல்லை சேர், உங்களிட்டைத்தான் கேக்கிறன். வாசிக்கிற ஆக்களுக்கு வித்தியாசமா இருக்கும்."

எழுபத்தெட்டு வயதுக் கிழவன் ஃபாஷன் பற்றி எழுதினால் வித்தியாசமாகத்தான் இருக்கும். குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்த என் மனைவிக்கு இது கேட்டுவிட்டது. இவரிடம் இருப்பது ஏழு வெள்ளைச் சேட்டு, அதில் எது பிடிக்கும் என்று எழுதட்டும் என்று தேங்காயிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

ஆனால் யோசித்துப் பார்த்தபோது, எனக்கும் பிடித்தவை இருக்கத்தான் செய்தன.

சித்திரையில் சாட்டிக் கடற்கரைக்குப் போயிருந்தேன். ஒரு குடும்பம் குளிக்க வந்திருந்தது. பதினெட்டுப் பேர் — எண்ணினேன். எல்லோருக்கும் ஒரே செம்மஞ்சள் ரீசேட். தாத்தாவின் வயிற்றில் அது இழுபட்டு நின்றது; கடைசிப் பொடியனுக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. இதென்ன கூத்து என்றுதான் முதலில் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் பொடியன் வேறு யாரோ குடும்பத்தின் சோற்றுப் பொதிக்குள் கை வைத்தான். அத்தனை பேர் நடுவிலும் அவனைக் கண்டுபிடிக்க ஒரு நொடி ஆகவில்லை. அந்த ரீசேட்டுக்கு என் ஓட்டு.

இசை? குறிகட்டுவானிலிருந்து வேலணை வழியாக யாழ்ப்பாணம் போகும் ஒரு தனியார் பஸ். சாரதி ஒழுங்கானவர். தீவில் கடைசிக் கோயில் தாண்டும் வரைக்கும் பக்திப் பாட்டு. டயர் கடற்பாலத்தில் ஏறியதும் குத்துப் பாட்டு. திரும்பி வரும்போது அப்படியே தலைகீழ். கடலுக்கு நடுவில் கடவுள் பார்க்கமாட்டார் என்று நினைக்கிறாரோ? எனக்குத் தெரியாது. என் கால் தாளம் போட்டதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

இத்துடன் நிறுத்தி அனுப்பியிருந்தால் அந்தப் பெண் சந்தோஷப்பட்டிருப்பார். அனுப்பத்தான் இருந்தேன். ஆனால் இவை உண்மையான பதில்கள் அல்ல. உண்மையான பதில், ஒரு சேட்டும் ஒரு தவிலும். இரண்டும் ஒரே மனிதருடையவை.

இந்த வருடம் எங்கள் கோயில் தேர், தெற்கு வீதி மூலையில் சில்லுப் புதைந்து நின்றுவிட்டது. காலை ஒன்பது மணி. நல்ல வெயில். கட்டை போடு, முட்டுக் கொடு என்று ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். வடம் பிடித்தவர்கள் ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் தளர்ந்தது. நாதஸ்வரகாரர் களைத்துப்போய் வாத்தியத்தை இறக்கிவிட்டார். அப்போது மேளக் குழுவில் இருந்த ஒரு வயதானவர் தவிலோடு முன்னால் வந்து, தனியாக வாசிக்கத் தொடங்கினார்.

எனக்குச் சங்கீத இலக்கணம் தெரியாது. கேட்டதைச் சொல்கிறேன். முதலில் மெதுவாக, யாரையோ கதவுக்கு வெளியே நின்று கூப்பிடுவதுபோல. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி... கத்திக்கொண்டிருந்தவர்கள் எப்போது வாயை மூடினார்கள் என்று தெரியவில்லை. வடம் பிடித்த இருநூறு பேரின் கைகளும் அந்த அடிக்கு ஒன்றாக இறுகின. ஒன்றாக இழுத்தன. தேர் எழும்பி நகர்ந்தது.

அதுதான் எனக்கு இந்த வருடத்தின் இசை.

தேர் இருப்பிடத்துக்கு வந்த பிறகு அவர் வெளித் தண்ணீர்க் குழாயடியில் நின்றார். விரல்களில் மாட்டியிருந்த கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். முகம் கழுவினார். பைக்குள்ளிருந்து ஒரு சேட்டை எடுத்துப் போட்டார். வான நீலம். அதில் சின்னச் சின்ன வெள்ளைப் பறவைகள்.

அப்போதுதான் ஆளை அடையாளம் கண்டேன். முகத்தால் அல்ல, சேட்டால்.

ஐம்பத்துமூன்று வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டில் என் தங்கையின் கல்யாணம். நான் பட்டம் முடித்து, புதிதாக ஆசிரியர் நியமனம் பெற்று வந்திருந்த நேரம். மாப்பிள்ளை வீட்டார் கொழும்பில் பெரிய உத்தியோகம் பார்ப்பவர்கள். மேளம் வந்தது. அதில் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு தவில்காரர். நீலச் சேட்டு, நீளமான கொலர், வெள்ளைப் பறவைகள். சும்மா சொல்லக்கூடாது, பந்தலில் நின்ற எல்லோரையும்விட, மாப்பிள்ளையையும்விட, அவர்தான் எடுப்பாக இருந்தார்.

சாதி என்ற சொல்லை எழுதாமல் இதைச் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். முடியாது. எங்கள் முற்றத்துக்குள் வரும் மேளகாரரின் தோளில் சால்வை இருக்கக்கூடாது, இடுப்பில் கட்டவேண்டும். சேட்டு என்ற பேச்சே இல்லை. இது எங்கள் அப்பாவின் சட்டம். அன்று அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் கவனிக்கக்கூட இல்லை. பட்டதாரி மகன்தான் முன்னுக்குப் போனேன்.

"உந்தச் சேட்டைக் கழட்டிப்போட்டு வாசி" என்றேன். பந்தல் முழுக்கக் கேட்க.

அவர் என்னைப் பார்த்தார். கழற்றினார். நான்காக மடித்தார். பாயில் தனக்குப் பக்கத்தில் வைத்தார். தாலி கட்டும்போது கெட்டிமேளம் ஒரு குறையும் இல்லாமல் முழங்கியது. பந்தியில் மற்ற மேளகாரர்கள் இருந்தார்கள், அவர் இல்லை. சாப்பிடாமலே போய்விட்டார். அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. கொழும்புக் கோயில்களில் வாசிக்கிறார், வெளிநாடெல்லாம் போகிறார் என்று கேள்விப்பட்டேன். இரண்டு வருடத்துக்கு முன்தான் மனைவியின் ஊரான நாரந்தனைக்கு வந்து இருக்கிறாராம்.

தேர் முடிந்த அன்றே, என்ன செய்யலாம் என்று யோசித்தேன். படித்தவன் அல்லவா, உடனே ஒரு வழி தோன்றியது. எங்கள் ஊரில் யாருக்காவது மரியாதை செய்யவேண்டும் என்றால் வேறு என்ன செய்வோம்? பொன்னாடை!

கோயில் நிர்வாக சபையிடம் சொன்னேன். அவர்களுக்கும் சந்தோஷம். அடுத்த நாள் அன்னதான மண்டபத்தில் ஒலிவாங்கி வைத்து, அவரை முன் கதிரையில் இருத்தி, நான் பேசினேன். நன்றாகவே பேசினேன். அவருடைய கலை, அவருடைய உழைப்பு... கல்யாணப் பந்தலைத் தவிர எல்லாம் சொன்னேன். பிறகு பொன்னாடையை விரித்துக்கொண்டு அவரை நோக்கி நடந்தேன்.

அவர் எழுந்தார். என் கையிலிருந்து அதை வாங்கினார். தோளில் போர்த்த விடவில்லை. நான்காக மடித்தார். கதிரையில் வைத்தார். சபையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டார்.

எவ்வளவு தன்னடக்கம் என்று சனம் கைதட்டியது. அந்த மடிப்பின் அர்த்தம் எனக்கு மட்டும் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து நாரந்தனைக்குப் போனேன். அவர் வாசலில் நின்று வரவேற்றார், கதிரை போட்டார், அவருடைய மனைவி தேநீர் தந்தார். அன்றும் அதே நீலச் சேட்டு. நான் சுற்றி வளைத்துத் தொடங்கினேன். அந்தக் காலம் அப்படி, அப்போதைய பழக்கவழக்கம் அப்படி, என்று.

கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "காலம் என்னைக் கழட்டச் சொல்லேல்லை மாஸ்டர். நீங்கள்தான் சொன்னனீங்கள்" என்றார். குரலில் கோபம் இல்லை. பிழையான விடையைத் திருத்துகிற குரல். நான் வகுப்பில் பாவித்த குரல்.

உள்ளே நின்ற அவருடைய மனைவியால் அடக்க முடியவில்லை. "அண்டைக்குத்தான் முதல் முதல் போட்டதாம். அதுக்குப் பிறகு தொடவே இல்லை. நான் கலியாணம் முடிச்சு வந்து பாக்கிறன், பெட்டிக்குள்ளை புதுசா கிடக்குது. எத்தினை தரம் சொல்லியும் போட்டால்தானே? அதை வெட்டித் தலகணி உறை தைச்சுப்போட்டன். கொஞ்ச நாள் இவற்றை பறவையளிலை நான்தான் படுத்தனான். இப்ப போட்டிருக்கிறது போன வருசம் அதே மாதிரித் துணி கண்டு தைப்பிச்சது."

அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. பொன்னாடையை ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று கேட்டேன்.

"அண்டைக்கு ஊருக்கு முன்னாலை நீங்கள் சொல்லக் கழட்டினனான். இப்ப ஊருக்கு முன்னாலை நீங்கள் போர்த்த நான் நிக்கவேணும். நான் என்ன போடுறதெண்டு என்னட்டைக் கேக்கவே மாட்டியளோ மாஸ்டர்?"

சுற்றி வளைப்பதை விட்டேன். கடைசியில், நான் செய்தது பிழை, என்னை மன்னிக்கவேண்டும் என்று கேட்டேன். கேட்டதோடு, யாருக்கும் சொல்லாத இன்னொன்றையும் சொன்னேன். அன்று என்னைச் சுட்டது பழக்கவழக்கம் மட்டும் அல்ல. அப்படி ஒரு சேட்டுப் போட எனக்கு அந்த வயதில் பெரிய ஆசை. அப்பா வெள்ளையைத் தவிர வேறு நிறம் போட விடமாட்டார். எனக்குக் கிடைக்காதது மேளகாரரின் உடம்பில் இருந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை.

அவர் தன் சேட்டுக் கொலரை ஒருமுறை நீவிவிட்டார்.

"நீங்களும் ஒண்டு வேண்டிப் போடுங்கோ மாஸ்டர். உங்களை ஆரும் கழட்டச் சொல்லமாட்டினம்."

புறப்படும்போது, அடுத்த வருடத் தேருக்கு வாசிக்க வருவீர்களா என்று கேட்டேன். அவர் படலை வரைக்கும் கூட வந்தார்.

"நீங்கள் சொன்னது பந்தல் முழுக்கக் கேட்டது. இப்ப மன்னிப்பை வீட்டுக்குள்ளை வந்து மெல்லக் கேக்கிறியள். நீங்கள் பேப்பரிலை எழுதுறனீங்கள்தானே? எழுதுங்கோ. என்ரை பேரைப் போடாதேங்கோ. உங்கடை பேரும் படமும் மேலை வரும்தானே, அது காணும். வாசிச்சுப்போட்டு வாறதோ இல்லையோ எண்டு சொல்லுறன்."

இது நடந்து நான்கு மாதமாகிறது. எழுதவில்லை. ஒவ்வொரு வாரமும் வேறு ஏதாவது விஷயம் கிடைத்துவிடும்... கிடைக்காவிட்டால் தேடி எடுத்துக்கொள்வேன். தீவுகளில் தண்ணீர்ப் பிரச்சினை, வேலணைச் சந்தியில் பஸ் நிற்காத பிரச்சினை என்று ஊரிலுள்ள எல்லாப் பிழைகளையும் எழுதிவிட்டேன். என்னுடையதைத் தவிர. அந்தப் பெண் பிடித்த உடை எது என்று கேட்டிராவிட்டால், இந்த வாரமும் சாட்டிக் கடற்கரை ரீசேட்டோடு தப்பியிருப்பேன்.

நீலச் சேட்டு நான் இன்னும் வாங்கவில்லை. கடைக்குப் போய் ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். மனைவி சிரிக்கக்கூடும் என்பது ஒரு காரணம். முதலில் செய்யவேண்டியதைச் செய்யாமல் அதைப் போட்டுக்கொள்ளக் கூசியது இன்னொரு காரணம்.

மேலே இருப்பது என் படம். என் பெயர். பந்தல் முழுக்கக் கேட்கச் சொன்னவன் நான்தான். சொன்னது பிழை.

ஐயா, எழுதிவிட்டேன்.