பன்னிரண்டு மூலைகள்

"அடுத்த வருஷம் உங்க ரூம கம்ப்யூட்டர் லேபா மாத்தப் போறாங்க டீச்சர்."

மின்விசிறி ரிப்பேர் விஷயம் சொல்வதுபோல இதைச் சொல்லிவிட்டுத் தலைமையாசிரியை மாடிப்படி ஏறிப் போய்விட்டார். மரவேலை டீச்சர் அப்போது குழாயடியில் பசை ஒட்டிய விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். குழாயை மூட வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. ஈரக்கையோடு வகுப்புக்குள் வந்து நின்றவரை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஏற இறங்கப் பார்த்தார்கள்.

இருபத்து மூன்று வருடமாக அந்த அறையில்தான் அவர் பாடம் நடத்துகிறார். ஆறு மேசை, சுவரில் வரிசையாகத் தொங்கும் ரம்பங்கள், எவ்வளவு பெருக்கினாலும் போகாத மரத்தூள். பிள்ளைகள் அவருக்கு வைத்த பட்டப்பெயரும் ரம்பம்தான். தொழிலை வைத்துத்தானே சொல்கிறார்கள் என்று அவர் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டார். பாடத்தில் அறுக்கிறார் என்ற பொருளும் அதில் உண்டு என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை.

சிறு வயதில் அவர் தொழிற்பயிற்சி நிலையத்தில் படிக்கச் சேர்ந்த முதல் நாள், வாசல் காவலாளி கேட்காமலே தையல் வகுப்புக்கு வழி காட்டினார். தச்சுக்கு வந்திருக்கிறேன் என்றதும் சேர்க்கைச் சீட்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். நாற்பது பையன்களுக்கு நடுவே ஒரே பெண். ரம்பம் பிடிச்ச கைய எவன் வந்து பிடிப்பான் என்று அவருடைய அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். பிடிக்க ஒருவர் வந்தார். வேன் ஓட்டுகிறவர், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், மரவேலையில் எப்போதும் முதலாவதாக வந்த ஒரு பெண் மரச்சாமான் தொழிற்சாலைக்கு வேலை கேட்டுப் போனாள். போன வேகத்தில் திரும்பி நேரே டீச்சரிடம் வந்தாள். கம்ப்யூட்டர் சொல்படி மரம் வெட்டும் மிஷினை ஓட்டத் தெரியுமா என்று ஒரே கேள்விதான் கேட்டார்களாம்.

"அங்க உளியே இல்ல டீச்சர். தேடிப் பாத்தேன், ஒண்ணு கூட இல்ல."

அன்று மீதி இரண்டு பீரியடும் டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அந்த மிஷினை வாங்கித் தரச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார். ஒன்பது பக்க மனுவை மூன்று முறை கொடுத்தார். மூன்றும் எங்கே போயின என்று கேட்டால் எல்லோரும் மேலே கையைக் காட்டினார்கள்.

மேலே என்றால் பள்ளி நிர்வாகத் தலைவர். முப்பத்தெட்டு வயதுப் பல் டாக்டர். யாரிடம் பேசினாலும் கண்ணைப் பார்க்காமல் வாயைத்தான் பார்ப்பார். அதனால் அவர் வரும் நாளில் ஆசிரியர் அறையில் ஒருவரும் பல் தெரியச் சிரிப்பதில்லை. அறையே போகப் போகிறது என்றான பிறகு டீச்சருக்கு எந்தப் பல்லைப் பற்றியும் கவலையில்லை. நேரே கிளினிக்குக்குப் போய் நோயாளிகளோடு வரிசையில் உட்கார்ந்தார். உள்ளே கூப்பிட்டதும் மனுவை நீட்டினார். டாக்டர் நின்றபடியே படித்தார். அந்த மிஷினில் செய்த ஒரு பொருளைச் சனிக்கிழமை பத்து மணிக்குக் காட்டுங்கள், பார்த்துவிட்டு அறையைப் பற்றியும் சேர்த்தே முடிவு சொல்கிறேன் என்றார்.

ஊரில் அந்த மிஷின் இருந்தது பெயர்ப்பலகைக் கடைக்காரரிடம். எழுத்தைத் தவிர வேறு எதையும் வெட்டிப் பழகாத மனிதர். "முக்காலியா? நமக்கு என்னக்கா, நீங்க படம் குடுங்க, அது வெட்டும்" என்றார். உட்காரும் பலகையில் மூன்று துளை, அதில் செருக மூன்று கால் என்று டீச்சர் வரைந்து கொடுத்தார். பென்சில் பருமனில் ஒரு வெட்டுமுனை விர்ரென்று சுற்றிக்கொண்டே பலகையில் இறங்கி ஓடியது. பதினோரு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. டீச்சர் திறந்த வாயை மூடவில்லை. அதே மயக்கத்தில் துண்டுகளைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

சனிக்கிழமை ஒன்பதேகால் மணிக்குப் பள்ளியில் வைத்துப் பிரித்தார். முதல் காலை எடுத்துத் துளையில் செருகினார். இறங்கவில்லை. திருப்பிச் செருகினார். இறங்கவில்லை. குனிந்து பார்த்தார். துளையின் நான்கு மூலையும் வட்டம். கால் முனையோ சதுரம். சுற்றுகிற முனை எதுவானாலும் உள்மூலையை வட்டமாகத்தான் விடும். ஆறாம் வகுப்புக்கே அவர் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. ஆனால் படம் வரைந்தது உளி பிடித்துப் பழகிய கை. இருபத்து மூன்று வருடப் பழக்கத்தில் அது பாட்டுக்குச் சதுரம் போட்டுவிட்டது. சேர்த்தால் அப்படியே சேரும், கை வைக்கவே வேண்டாம் என்று மனுவில் எழுதியவரும் அவரேதான்.

வேனிலிருந்து மூட்டையைத் தூக்கி வந்திருந்த கணவர் எட்டிப் பார்த்தார்.

"உளிய எடும்மா. நீ தட்டாத மூலையா? பன்னெண்டே மூலை. யாருக்குத் தெரியப்போவுது?"

டீச்சர் உளியை எடுத்தார். ஐந்து மூலை கூராகி, ஆறாவதில் உளியை வைத்தபோது வாசலில் செருப்புச் சத்தம். டாக்டர் இருபது நிமிடம் முன்னதாகவே வந்து நின்றார். இந்த முறை அவர் பார்த்தது வாயை அல்ல, கையை.

"இது மிஷின் வெட்டுனதா, நீங்க வெட்டுனதா?"

மரத்தூள் தட்டிவிடுறாங்க சார் என்று கணவர் முந்திக்கொண்டார். டீச்சர் உளியைக் கீழே வைத்தார்.

"அஞ்சு மூலை நான். மீதி ஏழு மிஷின். படத்தத் தப்பா போட்டுட்டேன் டாக்டர். மறைச்சிடலாம்னு பாத்தேன்."

டாக்டர் பலகையை ஜன்னலடிக்கு எடுத்துப் போனார். சுண்டுவிரலை ஒவ்வொரு மூலையிலும் விட்டுத் தடவினார். அறை போயிற்று என்று டீச்சர் முடிவு கட்டிவிட்டார்.

"விரிசல் விடணும்னா நீங்க தொட்ட அஞ்சு மூலைதான் மொதல்ல விடும்" என்றார் டாக்டர். "பல்லுல குழி எடுக்கறப்போ உள்மூலையக் கூரா விட்டா, கடிக்கிற பாரமெல்லாம் அங்கயே போய் உக்காந்துக்கும். ஒருநாள் பல்லு பொளந்துடும். மூலை வட்டமாத்தான் இருக்கணும். கால் முனையோட மூலைய வட்டமாக்குங்க டீச்சர்."

டீச்சருக்குக் காதை நம்ப முடியவில்லை. மூலை கூராக வராத பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு மதிப்பெண் குறைத்தே வந்தவர் அவர். எத்தனை பிள்ளைகள், எத்தனை வருடம். அரத்தை எடுத்துக் கால் முனைகளின் மூலையை வட்டமாகத் தேய்த்தார். டாக்டர் பலகையைப் பிடித்துக்கொண்டார். மிஷின் விட்டபடியே இருந்த துளையில் கால் தொப்பென்று இறங்கிக் கவ்விக்கொண்டது. டீச்சர் கைபட்ட இரண்டு துளையிலும் மூலையில் சந்து தெரிந்தது. டாக்டர் அந்தச் சந்துகளைப் பார்த்தார், முக்காலியில் உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து, வாங்கிடலாம் என்றார்.

டீச்சர் அரத்தோடு ஓரடி முன்னால் வந்தார். "அப்ப இந்த ரூமு?"

"மிஷின வேற எங்க வைக்கிறது, என் கிளினிக்லயா?"

செருப்புச் சத்தம் தாழ்வாரத்தில் தேய்ந்து மறைந்தது. டீச்சர் அரத்தைக் கீழே வைக்காமலே வேனுக்கு நடந்தார். வேனில் ஏறி உட்கார்ந்த பிறகு, சந்தோஷமா இரும்மா, ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்க என்று கணவர் மூன்று முறை கேட்டார்.

"எல்லாருக்கும் ரெண்டு மார்க் திருப்பிக் குடுக்கணுங்க" என்றார் டீச்சர். "எப்படிக் குடுக்குறது?"