அண்ணையின் ஒரு வருடம்

லண்டனில் எங்கள் மோர்டன் வீட்டுச் சமையலறைக் கூரையில் சின்னத் தட்டுப் போல ஒரு புகைமணி இருந்தது. மிளகாய் வறுத்தால் கத்தும், மீன் பொரித்தால் கத்தும். அம்மாவுக்கு அதைக் கண்ணில் காட்ட ஏலாது. ஒரு புதன்கிழமை முற்பகல் அது கத்தியபோது நான் பக்கத்து ஊரான சட்டனில், வேலை செய்த மருந்துக்கடையில் நின்றேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண்மணி தொலைபேசியில் அழைத்து, உங்கள் வாசலில் பொலிஸ் நிற்கிறது, உள்ளே மணி அடிக்கிறது, அம்மா கதவைத் திறக்கவில்லை என்றார். பஸ்ஸில் வந்த அந்த அரைமணி நேரமும் அம்மா செத்துப்போனார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. எரிந்துபோனது அண்ணையின் ஒரு வருடம். அதை இத்தனை காலம் கழித்து எழுத உட்காரும்போது அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கதையை எங்கள் வீட்டில் எல்லோரும் பிழையாகவே சொல்லி வந்தோம். பிழையாகச் சொல்லத் தொடங்கியவள் நான்.

அண்ணை பிரித்தானிய இராணுவத்தில் இருந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்த ஒரு வீட்டில் இந்த ஒரு வரியைச் சொல்வது எவ்வளவு சங்கடம் என்பது அப்படி வந்தவர்களுக்குத் தெரியும். ஏ லெவல் சோதனையில் கோட்டைவிட்டு, பெற்றோல் நிலையமொன்றில் இரண்டு வருடம் நின்று களைத்தவர், ஒருநாள் ஆட்சேர்ப்பு அலுவலகத்தின் கண்ணாடிக்குள் ஒட்டியிருந்த காகிதத்தை வாசித்துவிட்டு வந்தார். சில வருடங்கள் பணியாற்றிவிட்டு வெளியே வந்தால், பல்கலைக்கழகச் செலவில் பெரும் பங்கை அவர்களே கட்டுவார்கள் என்று அதில் இருந்ததாம். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. "ஆமியிட்ட இருந்து தப்பத்தானே தம்பி இவ்வளவு தூரம் வந்தனாங்கள்? நீ போய் அதுக்குள்ளயே சேரப்போறியோ?" என்று கேட்டார். "அது வேற ஆமி அம்மா, இது வேற" என்று அண்ணை சொன்னார். "ஆமி எண்டா ஆமிதான்" என்றார் அம்மா. அதற்குமேல் அந்தச் சொல்லை அவர் வீட்டுக்குள் சொல்ல விடவில்லை.

அண்ணையின் படைப்பிரிவு ஜெர்மனியில் ஒரு முகாமில் இருந்தது. அது அம்மாவுக்குக் கிடைத்த வரம். கோயிலில் யாராவது கேட்டால் "மகன் ஜெர்மனியில நிக்கிறான்" என்று பொய் சொல்லாமலே தப்பிவிடுவார். ஜெர்மனியில் எந்த இடம் என்று கேட்டால் "வடக்குப் பக்கம்" என்பார். அங்கே சொந்தக்காரர் இல்லாத பக்கம் எது என்று என்னிடம் முதலே விசாரித்து வைத்திருந்தார்.

அண்ணை போனபோது நான் லீட்ஸில் உயிர்வேதியியல் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். படிப்பை விடு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் பெண்பிள்ளைக்கு அப்படியெல்லாம் சொல்லமாட்டார்கள். "அப்ப அம்மாவோட ஆர் நிக்கிறது?" என்று மட்டும் கேட்பார்கள். அப்பா ஊரிலேயே இறந்துவிட்டார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, கவுன்சில் கடிதம் ஒன்று வந்தாலே நெஞ்சு படபடக்கும். ஒரு வருடம் நின்றுவிட்டுத் திரும்பலாம் என்று வந்தேன். அந்த ஒரு வருடம் ஐந்தாயிற்று.

அண்ணை திரும்பி வந்தபோது மெலிந்து, சத்தம் குறைந்த ஆளாக இருந்தார். இடையில் ஜெர்மனியிலிருந்து அவரை ஈராக்குக்கும் அனுப்பியிருந்தார்கள், அங்கே குடிதண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரங்களோடு வேலை. அதைப்பற்றி அவர் சொன்னது ஒரேயொரு வசனம்தான். "அங்க சனத்துக்குப் பிரச்சினை துவக்குச் சூடு இல்லை, தண்ணிதான்." சிவில் எஞ்சினியரிங் படிக்கப் போகிறேன் என்றார். லண்டனிலேயே ஒரு பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்தது. பேக்கரி வேன் ஓட்டிக்கொண்டே அந்தக் கோடை முழுக்க அலைந்து, இராணுவக் கல்வி அதிகாரியிடம் கையெழுத்து வாங்கிப் படிப்புச் செலவுக்கான படிவத்தை நிரப்பி முடித்தார். அந்த உதவியில் ஒரு கண்டிப்பு இருந்தது. பாடம் தொடங்குவதற்கு முன்பே அனுமதி வந்திருக்க வேண்டும், தொடங்கியபின் கேட்டால் அந்த வருடத்துக்கு ஒன்றும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை படிவத்தை உறையில் போட்டு என்னிடம் தந்தார். "நாளைக்கு வேலைக்குப் போகேக்க பதிவுத் தபாலில போட்டுவிடு. எனக்கு விடிய நாலு மணிக்கு ஷிப்ட்" என்றார். தந்துவிட்டுச் சிரித்தார். வந்த பிறகு அவர் பல் தெரியச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

தபாலகம் எங்கள் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில், ஒரு பத்திரிகைக் கடையின் பின்பக்கத்தில் இருந்தது. திங்கட்கிழமை காலை அங்கே ஒரு மனிதர்கூட இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்று, பழைய கட்டில் விற்பனைக்கு, பூனையைக் காணவில்லை என்று கண்ணாடியில் ஒட்டியிருந்த அட்டைகளையெல்லாம் வாசித்தேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. மறந்துபோனேன் என்று சொன்னால் அது பச்சைப்பொய். உறை என் கைப்பையில் இருந்தது, அதன் மூலை சாப்பாட்டுப் பெட்டியில் உரசுவதுகூட எனக்குக் கேட்டது. எனக்கு எரிச்சல். அவர் ஐந்து வருடம் போய்வந்தார், அதற்கு ஒரு படிப்பு கிடைக்கிறது. நானும் ஐந்து வருடம் நின்றேன், எனக்கு எந்தப் படிவத்தை யார் தரப்போகிறார்கள்? இரண்டு நாள் பிந்தினால் குடி முழுகாது என்று நினைத்தேன். அவர் ஒரு கிழமை தவித்துப் பார்க்கட்டும் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. செவ்வாய் பின்னேரம் என் பையில் அவர் கண்டுவிடுவாரோ என்ற பயத்தில் உறையை எடுத்து, அவருடைய கட்டிலின் கீழிருந்த கோப்புக்குள் செருகி வைத்தேன். நாளைக்கு எடுத்துக்கொண்டு போகலாம் என்று இருந்தேன். புதன் காலை எழும்பப் பிந்திவிட்டது. வெறுங்கையோடு ஓடினேன்.

அந்தக் கோப்பில் அண்ணையின் சேவைச் சான்றிதழ், விடுவிப்புப் பத்திரங்கள், சீருடையில் எடுத்த பத்துப் பன்னிரண்டு படங்கள் எல்லாம் இருந்தன. அது அங்கே இருப்பது அம்மாவுக்குத் தெரியும். கூட்டும்போது தும்புத்தடி அதில் படாமல் சுற்றிக் கூட்டுவார்.

ஊரில் ஆமி சுற்றிவளைப்பு என்று கேள்விப்பட்டதும் ஒவ்வொரு வீட்டிலும் முதலில் நடப்பது கடதாசி பார்ப்பதுதான். படம், கடிதம், நோட்டீஸ், எது வில்லங்கமோ அது அடுப்புக்குள் போகும். எங்கள் வீட்டில் அப்பா பதினாறு வயதில் பள்ளிக்கூடக் கடேற் என்ற மாணவர் படைச் சீருடையில் தொப்பியோடு நிற்கும் படம் ஒன்று இருந்தது. அம்மா அதையும் எரித்தார். "அது பள்ளிக்கூட உடுப்பு எண்டு சொல்ல விடுவாங்களோ? காக்கியைக் கண்டா காணும்" என்றார். அப்பாவின் வாலிப முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அந்தப் புதன்கிழமை வந்தவர்கள் ஒரு ஆணும் ஒரு பெண்ணுமாக இரண்டு இளம் பொலிஸார். முதல்நாள் எங்கள் தெருவில் யாரோ ஒரு காரை உடைத்திருந்தார்கள், யாராவது ஏதாவது கண்டீர்களா என்று வீடுவீடாகக் கேட்டு வந்தார்கள். அம்மா கதவின் மங்கல் கண்ணாடிக்கூடாக இரண்டு தொப்பிகளைக் கண்டார். திறக்காமல் மேலே போய்க் கோப்பை எடுத்துவந்து, காஸ் அடுப்பில் பெரிய தாச்சியை வைத்து, ஒவ்வொன்றாகக் கிழித்து எரித்தார். ஊர் அடுப்பில் கைவந்த வேலை அது. ஆனால் ஊரில் கூரையில் மணி இருக்கவில்லை. மணி கத்தியதால்தான் அடுத்த வீட்டுக்குப் போன பொலிஸார் திரும்பி ஓடிவந்தார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது கதவு திறந்திருந்தது. பொலிஸ்காரப் பெண் கதிரையில் ஏறி நின்று துவாயால் புகையை விசிறிக்கொண்டிருந்தாள். மற்றவர் மேசையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார், முன்னால் தட்டில் பிஸ்கற். உங்கள் அம்மா ஏதோ சமையலைக் கருக்கிவிட்டார், வேறு பிரச்சினை இல்லை என்றார். அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். தாச்சிக்குள் தண்ணீர் ஊற்றிக் கரைத்த கறுப்புக் குழம்பும், அதற்குள் இரண்டு கடதாசிக் கிளிப்புகளும் கிடந்தன.

அண்ணை வேலையால் வந்தார். அம்மா அவரைச் சப்பாத்தைக் கழற்றக்கூட விடவில்லை. "தம்பி, பொலிஸ் வந்தவங்கள். நான் எல்லாத்தையும் எரிச்சுப்போட்டன். ஒரு துண்டும் அம்பிடேல்லை" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு திருப்தி. மகனை ஆமியிடமிருந்து காப்பாற்றிவிட்டார். அண்ணை சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். பிறகு, "நல்லதம்மா. சாப்பாட்டைப் போடுங்கோ" என்றார்.

படியேறும்போது படிவத்தைப் பற்றி என்னிடம் மெல்லக் கேட்டார், "ஃபோம் போட்டிட்டாய் தானே?"

"அதுவும் அதுக்குள்ளதான் இருந்தது அண்ணை. ரெண்டு நாளும் போஸ்ட் ஒஃபிசில சரியான கியூ. இண்டைக்குப் போடுவம் எண்டு வச்சனான்."

அண்ணை என் முகத்தைப் பார்த்தார். ஒவ்வொரு நாளும் அந்தப் பத்திரிகைக் கடையில்தான் அவர் சிகரெட் வாங்குவார். அந்தத் தபாலகத்தில் எப்போது வரிசை இருக்கும், எப்போது இருக்காது என்று அவருக்குத் தெரியாதா? "ம்" என்றார். மேலே ஏறிப் போனார்.

பிறகு மூன்று கிழமை அவர் வேலையின் இடைவேளைகளில் தொலைபேசியோடு நின்றார். தன் படை இலக்கத்தை ஒப்புவித்து, ஆங்கிலத்தில் சேர், சேர் என்று ஒவ்வொரு அலுவலகமாகக் கெஞ்சினார். சேவைச் சான்றின் பிரதி வர மாதங்கள் ஆகும், அது இல்லாமல் புதுப் படிவத்தில் யாரும் கையெழுத்து வைக்கமாட்டார்கள். ஒக்ரோபரில் பாடம் தொடங்கிவிட்டது. பல்கலைக்கழகம் இடத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைத்தது. அந்தக் கிழமைதான் அவர் என்னிடம், "இந்த வருசம் நான் வீட்டில நிக்கிறன்தானே, நீ போய் உன்ர படிப்பை முடிச்சிட்டு வாவன்" என்றார். எந்த முகத்தோடு போவது? மருந்துக்கடையில் எனக்குப் பதவி உயர்வு வரப்போகிறது என்று ஒரு கதை சொன்னேன்.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. தைப்பொங்கல் கழித்து ஒருநாள், "தம்பி ஏன் படிக்கப் போகேல்லை? அவனுக்கு மனம் விட்டுப்போச்சோ?" என்று கேட்டார். நான் நாள் முழுக்க நின்று கால் கடுத்து வந்திருந்தேன். "நீங்கள் எரிச்சதுக்குள்ள அவற்ற யூனிவர்சிற்றிக் கடதாசியும் இருந்தது. பிறகு எப்பிடிப் போறது?" என்று சொல்லிவிட்டேன். அது உண்மைதான். அதைவிட மோசமாக ஒரு உண்மையை நான் யாருக்கும் சொன்னதில்லை. அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தார், திரும்பத் திரும்பத் துடைத்தார். அன்றிலிருந்து அண்ணையை நேராகப் பார்த்துப் பேசமாட்டார். அவருடைய தட்டில் மட்டும் இரண்டு மீன் துண்டு கூட இருக்கும்.

அடுத்த கோடையில் புதுப் பத்திரங்கள் வந்து, அண்ணை மறுபடி படிவத்தை நிரப்பினார். நான் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். "தாங்கோ, போற வழியில போட்டுவிடுறன்" என்றேன். "வேண்டாம், எனக்கும் நடக்கத்தான் வேணும்" என்று சொல்லி, கொட்டுகிற மழையில் உறையை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு அவரே போனார். எனக்கு முன்னாலேயே போனார். நான் பஸ் தரிப்பிடத்துக்கு வந்தபோது கடைக்குள் தெரிந்த அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் மூன்று வருடத்தில் படிப்பை முடித்தார். இப்போது ஒரு தண்ணீர்க் கம்பனியில் பெரிய பொறுப்பில் இருக்கிறார். ஆனால் பட்டமளிப்பை அம்மா பார்க்கவில்லை. அண்ணையின் படிப்பின் கடைசி வருடத்து மாரியில் அம்மாவுக்குச் சுகமில்லாமல் போய், கோடை வரமுன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார். எரிந்த வருடம் எரியாமல் இருந்திருந்தால் அதற்கு முந்திய கோடையிலேயே, நல்ல சுகத்தோடு, காஞ்சிபுரம் உடுத்துக்கொண்டு மண்டபத்தில் இருந்திருப்பார். இந்தக் கணக்கை நான் எத்தனை தரம் போட்டுப் பார்த்தாலும் மாறுவதில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு பின்னேரம் நாங்கள் இரண்டு பேரும் கட்டிலின் இரண்டு பக்கமும் இருந்தோம். அம்மா அண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ர ஒரு வருசத்தை நான்தானே தம்பி கொளுத்தினது. இல்லாட்டி எல்லாத்தையும் பாத்திட்டுப் போயிருப்பன்" என்றார்.

அண்ணை கொஞ்சமும் தாமதிக்காமல் சொன்னார், "இல்லையம்மா. நீங்கள் எரிச்சது வெறும் படங்கள். ஃபோமை நான்தான் நேரத்துக்குப் போடாமல் விட்டனான். அது முதலே பிந்திப்போச்சு."

அம்மா அவரை நம்பவில்லை. தலையணையில் தலையை மெல்லத் திருப்பி என்னைப் பார்த்தார். "உண்மையோ பிள்ளை?"

அண்ணை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்ல எனக்கு அதைவிட நல்ல நேரம் ஒருபோதும் வராது என்று தெரிந்தது.

"ஓம் அம்மா" என்றேன். "அண்ணைதான் பிந்தினவர்."