கொம்பியூட்டருக்குச் செத்தல் மிளகாய்

போன வெள்ளிக்கிழமை, களுவாஞ்சிக்குடியில் ஒரு நெட் கபே. நான் மெயில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே என் கொம்பியூட்டரின் முகத்தில் ஒரு குழந்தைத் துணியைப் போட்டு மூடிவிட்டார்கள். துவைத்துக் காய்ந்த துணிதான்... பயப்படாதீர்கள்!

மூடியவர் பாக்கியம் அக்கா. மண்டூர்க்காரி. தங்கை ரஞ்சினியையும் அவளுடைய இரண்டு மாதக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு ‘பாதை’ ஏறி வந்திருந்தார். வாவியைக் கடக்கிற மிதவைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். இக்கரையில் செக்பொயிண்டில் பைகளைக் கொட்டிக் காட்டி, பிறகு ஓட்டோ பிடித்து... அரைநாள் பயணம்.

ஏன் இந்தப் பாடு? குழந்தையின் தகப்பன் தவராசா கத்தாரில் மேசன். பிள்ளையை இன்னும் கண்ணால் காணவில்லை. மறுநாள் அவரைப் பாலைவனத்துக்குள் ஒரு வேலைத்தளத்துக்கு மாற்றுகிறார்கள். அங்கே நெட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. லீவுக்கோ இன்னும் ஒன்றரை வருடம் கிடக்கிறது. இன்றைக்குப் பார்த்தால்தான் உண்டு.

எனக்குப் பக்கத்துக் கொம்பியூட்டரின் திரையில் தவராசாவின் முகம் வந்தது. “புள்ளயக் காட்டுங்களன்!” என்றார். ரஞ்சினி குழந்தையைப் போர்த்தியிருந்த துவாயை விலக்கப் போனாள். பாக்கியம் அக்கா கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, உலகமெல்லாம் உங்கட கையில எண்டு வெளியில போர்ட் போட்டிருக்கீங்க... மெய்தானே?”

“ஓம் அக்கா!” என்றார் கடை முதலாளி ரிபாஸ். காத்தான்குடிக்காரர். பெருமையாகச் சொல்லி மாட்டிக்கொண்டார்.

“அப்ப உலகமெல்லாம் புள்ளயப் பார்க்கும். கண்ணூறு பட்டா ஆர் பொறுப்பு? நீங்களா?”

“அல்லாட காவல் அக்கா, உங்கட மச்சானுக்கு மட்டும்தான் தெரியும்!”

அக்கா நம்பவில்லை. படித்த மனிதன் என்ற திமிரில் நான் குறுக்கே போனேன். விஞ்ஞானம் விளக்கப் பார்த்தேன். அக்கா என் பக்கம் திரும்பினார்.

“சேர், நீங்க ஆரோட கதைக்கிறீங்க?”

“கனடாவில இருக்கிற மகன்ட மெயில் பார்க்கிறன்.”

“கனடாவே உங்கட பெட்டிக்குள்ள வந்திட்டு. பக்கத்துக் கதிரையில இருக்கிற எங்கட புள்ள வர எவ்வளவு நேரம்?”

விஞ்ஞானத்தைச் சுருட்டிக்கொண்டு என் மெயிலுக்குத் திரும்பினேன்.

அங்கே தவராசா மணிக்கூட்டைப் பார்க்கிறார். இங்கே ரஞ்சினிக்குக் கண் நிறைந்துவிட்டது. ரிபாஸ் சட்டென்று எழும்பினார்.

“அக்கா, மற்றக் கொம்பியூட்டரெல்லாத்தையும் மூடிட்டா?”

அக்கா யோசித்தார். “மூடுங்க. மறுகா காட்டுவம்.”

அப்படித்தான் அக்காவின் கையாலேயே என் கனடா மூடப்பட்டது. மெயில் பார்க்க வந்த மற்ற மூன்று பேரும் முணுமுணுத்தபடி எழும்பினார்கள். ஆனால் ஒருவர்கூட வெளியே போகவில்லை. எல்லோரும் வந்து பின்னால் நின்றுகொண்டோம்!

துவாய் விலகியது. குழந்தை பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது.

கத்தாரில் சத்தமே இல்லை. ரிபாஸ் பதறிப்போய் வயரை ஆட்டிப் பார்த்தார். வயருக்கு ஒன்றுமில்லை. மனிசனுக்குத்தான் பேச்சு வரவில்லை. வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பார்த்தது காணும் மச்சான்! தகப்பன்ட கண்தான் பொல்லாத கண்” என்று அக்கா அதட்டினார். கடையே சிரித்தது. தவராசாவும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அப்போதுதான் அக்கா அவரை வடிவாகப் பார்த்திருக்க வேண்டும். “என்ன மச்சான் இது... கன்னமெல்லாம் ஒட்டிப் போய்க் கிடக்கு? நல்ல சுகம் எண்டுதானே கடிதம் போட்டீங்க?”

கடிதத்தில் எல்லோரும் நல்ல சுகம்தான். கசெட்டில் பேசி அனுப்பினாலும் நல்ல சுகம்தான். எங்கள் பக்கத்துப் பாதி ஓட்டு வீடுகள் இந்த ‘நல்ல சுக’த்தில் எழும்பியவை. இந்தச் சின்னக் கெமராவுக்கு மட்டும் பொய் சொல்லத் தெரியவில்லை.

அக்கா பையைத் திறந்தார். குழந்தைக்குக் கண்ணூறு கழிக்கவென்று கொண்டுவந்த செத்தல் மிளகாயும் உப்பும் வெளியே வந்தன.

“அக்கா, இஞ்ச எரிச்சுப் போடாதீங்க!” ரிபாஸ் கும்பிடாத குறை.

“எரிக்கிறத வீட்ட போய் எரிக்கிறன். பொறுங்க.”

கொம்பியூட்டரைச் சுற்றி மூன்று தரம் கையைச் சுழற்றினார். “ஊர்க் கண், உறவுக் கண், அரபிக் கண்...”

கத்தாரில் அந்த மேசன் தொப்பியைக் கழற்றிவிட்டு, தலையைக் குனிந்து கொடுத்தார்.