பாரூக் பாயின் கடைவாய்ப்பல்

திண்டுக்கல் பேகம்பூரில் தோல் கிடங்கு வைத்திருக்கும் முகமது பாரூக் எதற்கும் அஞ்சாதவர். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும் இடத்தில், உப்புப் போட்ட ஆட்டுத்தோல் அடுக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து வடை தின்பார். பல் டாக்டர் என்று யாராவது சொன்னால் மட்டும் அவருக்கு எங்கிருந்தோ அவசர வேலை வந்துவிடும்.

கீழ்வரிசைக் கடைவாய்ப்பல் நாலு வருஷமாகக் குடைந்துகொண்டிருந்தது. கிராம்பு வைத்தார், கற்பூரம் வைத்தார், மூக்குப்பொடி வைத்தார். பாதி நாட்டுமருந்துக் கடை அந்தக் குழிக்குள் போயிற்று. தெருவில் யாருக்குப் பல்வலி என்றாலும் இலவச ஆலோசனை வேறு. சட்டைப்பையில் பல் துலக்கும் மிஸ்வாக் குச்சி ஒன்று பேனாவைப் போல நிமிர்ந்து நிற்கும். அது வாய்க்குள் போனதை எவரும் பார்த்ததில்லை. பை மட்டும் படு சுத்தம்.

தங்கை மகள் நுஸைபாவின் நிக்காஹ் விருந்து. தாய்மாமன் என்று, நாலைந்து பேர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டான சஹனில், முதல் சஹனிலேயே உட்காரவைத்து, நல்ல நல்லி எலும்பாகப் பார்த்து அவர் பக்கம் ஒதுக்கினார்கள். கடித்தார். மளுக்கென்று சத்தம். உடைந்தது எலும்பில்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"மாமாவோட பாசத்தைப் பாருங்கப்பா!" என்று பக்கத்தில் இருந்தவர்கள் உருகிப்போனார்கள்.

மறுநாள் கன்னம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிவிட்டது. மனைவி ஜீனத் ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

பல் டாக்டர் தமிழ்மதிக்கு பாரூக்கின் மகள் வயதுதான் இருக்கும். கழுத்தில் நீலத் துணியைக் கட்டிவிட்டு, "பிரஷ் எப்ப வாங்குனது பாய்?" என்று கேட்டாள்.

"மூத்தவ கல்யாணத்துக்கு."

"எப்பக் கல்யாணம் ஆச்சு?"

"பேரனுக்கே ரெண்டு வயசாச்சும்மா."

டாக்டர் ஊசியை எடுத்தாள். "செத்த நேரத்துல வாரேன், வண்டிய ரோட்டுல நிறுத்திட்டேன்" என்று எழுந்து போனார் பாரூக். வந்ததோ ஆட்டோவில்.

எதிர்த்த டீக்கடையில் போய் உட்கார்ந்தார். கடைக்கார நாசர் ஏற இறங்கப் பார்த்தார். "என்ன பாய், கழுத்துல துண்டு? யாரும் சோறு ஊட்டுறாகளா?" அப்போதுதான் துணியைக் கழற்றாமலே வந்தது தெரிந்தது.

ஜீனத் பின்னாலேயே வந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"நாலு வருசமா நான் செவுத்தப் பாத்துத்தான் படுக்கிறேன். தெரியுமா?"

"கிடங்கு வாடை அப்படி. என்ன செய்ய?"

"தோல் வாடை சோப்புப் போட்டாப் போயிருதுங்க. இது உங்க வாய்."

அவ்வளவு காலமும் செத்த ஆடுகளின் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். "வா" என்றார்.

பல்லை எடுக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நாலு வருஷம் பயந்ததற்கு இம்புட்டுத்தானா என்று அவருக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. இன்னும் மூன்று பல்லில் சொத்தை இருப்பதாகவும், காலையிலும் படுக்கப் போகும்போதும் இரண்டு நிமிஷம் துலக்க வேண்டும் என்றும் டாக்டர் சொன்னாள். "ரெண்டு நிமிசமா?" என்று வாயில் பஞ்சோடு அலறினார். அதுவரை அவர் துலக்குவதெல்லாம் தண்ணீர் வாளி நிறைவதற்குள் முடிந்துவிடும்.

அடுத்த முறைக்குப் போகாமல் இரண்டு தடவை டிமிக்கி கொடுத்தார். மூன்றாவது தடவை போனார். இரண்டு சொத்தை அடைபட்டது, ஒரு பல் பிழைக்கவில்லை. டீக்கடையில் மட்டும், "ஊசியா? எறும்பு கடிச்ச மாதிரிப்பா" என்று வீரம் பேசினார்.

ஆறு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, வலி எதுவும் இல்லாமலே, பல்லைக் காட்டிவிட்டு வர, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் பாரூக் தனியாகக் கிளினிக்குக்குப் போனார். டாக்டர் இன்னும் வந்திருக்கவில்லை. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, எழுந்து ஓடாமல் காத்திருந்தார்.