அக்கா நிறுத்திய இடங்கள்

அலுவலகத்தில் இவளுக்குக் கத்திரி என்று பெயர். வெட்டுவதுதான் வேலை. பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களை ஒலிப்பதிவு செய்யும் இடம் அது. வாசிப்பவர்கள் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து வாசித்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களுடைய இருமலையும் கனைப்பையும் நீக்கி, நீண்ட மௌனங்களைச் சுருக்கி, கேட்கிறவர் காதில் தடங்கலில்லாமல் போய்ச் சேரும்படி செய்ய வேண்டியது இவள் பொறுப்பு. திரையில் குரல் மேடும் பள்ளமுமாக ஓடும். பேச்சு நின்ற இடத்தில் வெறும் கோடு. எவ்வளவு நீண்ட கோடு வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போதும், மென்பொருளே தேடிப்பிடித்து நிறம் பூசிக் காட்டும். ஒரு தட்டுத் தட்டினால் அத்தனையும் மறைந்துவிடும்.

அக்காவை அங்கே வாசிக்கக் கூட்டி வந்தவளும் இவள்தான். அத்தான் இறந்த பிறகு அக்கா இவளோடு வந்துவிட்டாள். கணீரென்ற குரல், ஓயாத வாய். "நான் செத்தா வாயைத் தனியா அடிச்சுத்தான் கொல்லணும்" என்று அவளே சொல்லிக்கொள்வாள். சில புத்தகங்களை வாசித்து முடித்த பிறகு, சட்டக் கல்லூரி மாணவர்களுக்கான தடித்த புத்தகம் ஒன்றை அவளிடம் கொடுத்தார்கள். எவருக்கும் வாய் குழறும் வாக்கியங்களை அக்கா பழம் உரிப்பதுபோல் வாசித்தாள்.

அந்தப் பதிவுகளில் நிறம் பூசிய இடங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடின. பக்கம் புரட்டியிருப்பாள், விட்ட வரியைத் தேடியிருப்பாள் என்று நினைத்து இவள் தட்டிக்கொண்டே போனாள்.

ஒரு நாள் மதியம் நிறம் ஒரு சொல்லுக்கு நடுவில் விழுந்திருந்தது. 'நீதி' என்று சொல்லி அக்கா நின்றிருந்தாள். வெகுநேரம் கழித்து 'மன்றம்' வந்தது. ஒரு சொல்லைப் பாதியில் விட்டு யார் பக்கம் புரட்டுவார்கள்? இவள் ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்டாள். வெறும் மௌனம் இல்லை அது. மூச்சு கேட்டது. எதையோ சுவைப்பதுபோல் உதடு மெல்லச் சப்புக்கொட்டியது. விரல்கள் புடவையைத் தேய்த்துக்கொண்டே இருந்தன. பிறகு ஒன்றும் நடக்காததுபோல் வாசிப்பு தொடர்ந்தது.

அக்காவை அழைத்துக் கேட்க வைத்தாள். அக்கா சிரித்தாள். இவள்தான் எதையோ வெட்டி எங்கோ ஒட்டிவிட்டதாகச் சொன்னாள். வெட்டாத மூலப்பதிவு இதுதான் என்று சொல்லி மறுபடி ஓடவிட்டதும் சிரிப்பு நின்றது.

"நான் நிறுத்தவே இல்லடி" என்றாள் அக்கா. "ஒரே மூச்சாப் படிச்ச மாதிரிதான் ஞாபகம்."

மருத்துவரிடம் போகலாம் என்றதற்கு, வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வானேன் என்று மறுத்துப் பார்த்தாள். இவள் விடவில்லை. இவள் கொண்டுபோன அந்தப் பதிவுத் துண்டை மருத்துவர் கண்ணை மூடிக் கேட்டார். இது எப்போது ஆரம்பித்தது என்று விசாரித்தார். இவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் மூலப்பதிவுகளைத் திறந்து, மென்பொருளை வெட்டச் சொல்லாமல் தேட மட்டும் சொன்னாள். இந்தப் புத்தகத்தில் இருந்தது. முந்தைய புத்தகத்திலும் இருந்தது. அதற்கும் முந்தையதில், சின்னதாக, அதே உதட்டுச் சத்தம். எல்லாவற்றையும் இவளே நீக்கியிருந்தாள்.

ஸ்கேனில் கட்டி தெரிந்தது. மூளையின் இடது பக்கம், பேச்சுக்கான இடத்தை ஒட்டி.

"முன்னாடியே கூட்டி வந்திருந்தா, டாக்டர்?"

அவர் பொய் சொல்லவில்லை. "சின்னதா இருக்கும்போது எடுக்கறது சுலபம்தான். ஆனா நீங்க அதுல நோயைத் தேடலையேம்மா."

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அக்காவுக்குக் காது கேட்டது, எல்லாம் புரிந்தது. சொல்தான் வரவில்லை. வந்த சொல்லும் மாறி வந்தது. தண்ணீரைக் காட்டிச் சாவி என்பாள். தப்பு என்று தெரிந்து நெற்றியில் அடித்துக்கொள்வாள். பிறகு அப்படிப் பேசுவதையும் விட்டுவிட்டாள்.

ஒரு நாள் தலை வாரிவிடும்போது இவள் அடக்க முடியாமல் சொன்னாள். "அக்கா, எல்லாம் எனக்கு முன்னாலதான் இருந்துச்சு. நான்தான் வெட்டி வெட்டி எறிஞ்சேன்."

அக்கா இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வாய் கோணி, நெடுநேரம் போராடி, "வேலை" என்றாள்.

உன் வேலையைத்தானே செய்தாய் என்கிறாளா, வேறெதையோ சொல்ல நினைத்து இது வந்துவிட்டதா?

அந்த வாரமே ஒரு மாணவர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார். அந்த அம்மாவின் வாசிப்பு ஓரிடத்திலும் தடுக்காமல் ஓடுகிறது, அடுத்த அத்தியாயங்களையும் அவரே வாசிப்பாரா என்று கேட்டார். கேட்டுச் சொல்வதாக இவள் சொன்னாள். மாணவருக்குப் பரீட்சை வருவதற்குள் அக்கா இறந்துவிட்டாள்.

மீதி அத்தியாயங்களை ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வாசித்தார். இரண்டு குரல்களையும் இணைத்துக் கொடுத்தவள் இவளே. இப்போதெல்லாம் ஒரே தட்டில் எதையும் நீக்குவதில்லை. நிறம் பூசிய ஒவ்வொரு இடத்தையும் ஓடவிட்டுக் கேட்கிறாள். வேலை ஆமை வேகத்தில் நகர்கிறது என்று மேலாளருக்குக் குறை. போன வாரம் கண்ணாடி அறையின் கதவைத் தட்டி, மூன்றாவது பக்கத்தில் ஏன் நிறுத்தினீர்கள் என்று தபால்காரரிடம் கேட்டாள்.

"தண்ணி குடிச்சேம்மா" என்றார் அவர்.

அதன் பிறகுதான் அதை வெட்டினாள்.