ஜிம்மி இதுவரை சாப்பிடாத கறி

இன்று காலை குக்கரைத் திறந்ததும் முயல்கறியின் ஆவி முகத்தில் அடித்தது. உப்பு, மஞ்சள், வெங்காயம் எதுவும் படாத கறிக்குத் தனி வாசனை உண்டு. ஆஸ்பத்திரித் துணியை வேகவைத்த மாதிரி. பக்கத்து அடுப்பில் எங்களுக்கான ரசம் கொதித்தது. எங்கள் வீட்டில் நாய்க்குத்தான் கறி, எங்களுக்கு ரசம். சிரிக்காதீர்கள், இந்தக் கறியைக் கண்டுபிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஜிம்மி வெள்ளைப் பொமரேனியன். நாலு கிலோகூட இல்லை. போன வருடம் பாதங்களை நக்க ஆரம்பித்தவன், பிறகு வயிற்றைச் சொறிந்து புண்ணாக்கிக்கொண்டான். கோழிதான் காரணம் என்று இணையத்தில் படித்தேன், கோழியை நிறுத்தினேன். தானியம் என்று இன்னொருவர் எழுதியிருந்தார், சோற்றை நிறுத்தினேன். முன்பக்கம் ஆட்டுப் படம் போட்ட தீனிப் பையை வாங்கி வந்து பாதி தீர்ந்தபின் பின்பக்கம் பார்த்தால், பொடி எழுத்தில் கோழிக் கொழுப்பு. வீட்டில் இரண்டரை வயதுக் குழந்தை. "ரெண்டு மாசம் பாக்கறேன். சரியாவலன்னா கும்மிடிப்பூண்டில அண்ணன் வூட்ல வுட்டுடலாம்" என்று என் கணவர் சொல்லிவிட்டார். அண்ணன் வீட்டில் நாயை வாசலில் சங்கிலியில்தான் கட்டுவார்கள்.

பெரம்பூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். "இதுவரைக்கும் இவன் சாப்பிடாத கறி ஒண்ணு சொல்லுங்க. எட்டு வாரம் அதுவும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் மட்டும். நடுவுல ஒரு வாய் வேற எது போனாலும் மறுபடி முதல் நாள்ல இருந்து" என்றார்.

ராயபுரத்தில் வளரும் நாய் சாப்பிடாதது எது? எனக்கே தெரியவில்லை. எந்த வாசலில் போய் நின்றாலும் அவனுக்கு ஒரு வாய் கிடைக்கும். நோட்டும் பேனாவுமாக மாடிப்படி இறங்கி, இவனுக்கு இதுவரை என்னென்ன வைத்தீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டேன். கீழ்வீட்டு ஸ்டெல்லா அக்காவின் கணவர் ஹார்பரில் வேலை செய்கிறவர், மீன் இல்லாத நாளே அவர்கள் வீட்டில் இல்லை. "நெத்திலி, காரப்பொடி, வஞ்சிரம் தலை. சொறா புட்டு ஒரே தபாதான் வெச்சேன், சத்தியமா" என்றார். எதிர்வீட்டு மெஹரு அக்கா ஈரல், பாயா, வெள்ளிக்கிழமை பிரியாணி என்று விரல் மடக்கினார். நான் எழுத எழுத அவர் முகம் சுருங்கியது.

"இன்னா கண்ணு, போலீஸ் மாதிரி எழுதிக்கினு கீற? நாங்க இன்னா வெசமா வெச்சோம்?"

அப்படியில்லை அக்கா என்று சொன்னேன். சொன்ன விதம் சரியில்லையோ என்று அன்று முழுக்க யோசித்தேன். ஆட்டில் தொடங்கி நண்டு வரை எல்லாம் ஆகிவிட்டிருந்தது. மிஞ்சியது முயல்.

நான் பிறந்து வளர்ந்த காலடிப்பேட்டையில் இந்தக் கேள்வியே எழாது. எங்கள் சந்தில் ஒரு பழுப்பு நாய் இருந்தது. எங்களுக்கு அது டைகர், அடுத்த வீட்டில் ராஜா, கோடி வீட்டில் வெறும் "டேய்". எந்தப் பெயருக்கும் ஓடி வரும். இட்லி, குழம்புச் சோறு, மீன் முள், எது விழுந்தாலும் சாப்பிடும். அதற்கு அரிப்பு வந்ததா? வந்திருக்கும், யார் பார்த்தது? நான் சாப்பிட அடம்பிடித்தால் அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவாள். "டைகருக்கு ஒரு வாய், பாப்பாவுக்கு ஒரு வாய்." டைகர் விழுங்குவதைப் பார்த்துக்கொண்டே நானும் விழுங்குவேன். அப்படி வளர்ந்த உடம்புதான் இது.

முயல்கறி தொடங்கியதும் ஜிம்மியின் கழுத்தில் "எதுவும் கொடுக்காதீர்கள்" என்று அட்டை எழுதித் தொங்கவிட்டேன். "ஐடி கார்டா? எந்த கம்பெனில வேலடா உனக்கு?" என்று அவனிடமே கேட்டார் ஸ்டெல்லா அக்கா. நான் சிரிக்கவில்லை. ஐந்தாவது வாரமும் அவன் சொறிந்துகொண்டுதான் இருந்தான். எனக்குப் பைத்தியம் பிடித்தது. ஒருநாள் படிக்கட்டில் வைத்து, மெஹரு அக்காவும் கேட்கும்படி கேட்டேவிட்டேன்.

"அக்கா, எனக்குத் தெரியாம நீங்க ஏதோ குடுக்கறீங்க."

ஸ்டெல்லா அக்கா கூடையைக் கீழே வைத்தார். "சாப்பாட்டு நேரத்துல என் கதவ தொறந்தே ஒரு மாசம் ஆவுது. உன் நாயி வந்து பிராண்டிக்கினே கீது. நானு உள்ள தட்ட வெச்சிக்கினு, காது கேக்காதவ மாதிரி குந்திகினு கீறேன். போ, போய் உன் வூட்ட பாரு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு முட்டைச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். கணவர் கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்தார்.

"உன் கை இன்னா பண்ணுதுன்னு பாரு."

பார்த்தேன். என் வலது கை ஜிம்மியின் வாய்க்கு முன்னால் இருந்தது. விரலில் ஒட்டிய முட்டைச் சோற்றுப் பருக்கையை அவன் நக்கிக்கொண்டிருந்தான். "ஜிம்மிக்கு ஒரு வாய், பாப்பாவுக்கு ஒரு வாய்" என்று என் வாயும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. ஐந்து வாரமும், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. அது குழந்தைக்குச் சோறு ஊட்டுவது. நாய்க்குத் தீனி வைப்பதாக அது என் கணக்கிலேயே வரவில்லை. ஊரையெல்லாம் விசாரித்தவள் என் பெயரை மட்டும் நோட்டில் எழுதவில்லை.

மறுபடி முதல் நாள். கெஞ்சி இன்னும் இரண்டு மாதம் தவணை வாங்கினேன். மகள் சாப்பிடும்போது ஜிம்மியைக் குளியலறையில் அடைத்தேன். உள்ளே அவன் கத்துவான், வெளியே இவள் வாயை இறுக்கிக்கொள்வாள், நடுவில் நான் தட்டோடு அழுவேன். ஆனால் ஏழாம் வாரம் வயிற்றில் முடி முளைத்தது. எட்டு வாரம் முடிந்ததும் டாக்டரம்மா சொன்னபடி கொஞ்சம் முட்டை வைத்துப் பார்த்தோம். இரண்டே நாளில் அரிப்பு வந்தது. நிறுத்தினோம், போயிற்று. முட்டைதான். கும்மிடிப்பூண்டிப் பேச்சு நின்றது. மீதி ஒவ்வொன்றையும் சோதிக்கும்வரை முயல் தொடரும்.

ஸ்டெல்லா அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அத்த வுடு கண்ணு, நாயி நல்லாச்சில்ல" என்றார். நல்ல மனுஷி. அதன்பின் மெஹரு அக்காவும் பேசுகிறார். ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் எந்தக் கதவும் திறந்திருப்பதில்லை. படிக்கட்டில் யாரும் ஜிம்மியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

நேற்று மாலை ஸ்டெல்லா அக்கா வீட்டில் வஞ்சிரம் வறுக்கும் வாசனை வந்தது. என் மகள் இறங்கிப்போய் அவர் வாசலில் வாயைத் திறந்துகொண்டு நின்றாள். முன்பெல்லாம் அக்கா யாரையும் கேட்க மாட்டார். முள் எடுத்து, ஊதி, வாயில் திணித்துவிட்டுத்தான் "சாப்ட்டியாடி?" என்பார். நேற்றும் முள் எடுத்தார், ஊதினார். பிறகு தலை தூக்கி, படியில் நின்ற என்னைப் பார்த்தார்.

"பாப்பாவுக்கு குடுக்கலாமாம்மா? ஒத்துக்குமா?"

"குடுங்கக்கா" என்றேன். நான் சொன்ன பிறகுதான் கொடுத்தார்.