அப்பாவின் காதில் பழுதில்லை

முதலில் ஒரு கேவலத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அப்பாவுக்குக் கடைசி இரண்டு ஆண்டுகள் காது கேட்கவில்லை என்று உறவினர் அனைவரிடமும் சொல்லிவந்தவன் நான். அது உண்மையல்ல. அவர் காது நன்றாகவே இருந்தது. பழுதாக இருந்தவை நான் என் கையால் மாட்டிய ஸ்பீக்கர்கள். முதலாண்டு நினைவு நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் நீங்கள், என் பேச்சை நம்பி அவர் காதருகே குனிந்து கத்தியவர்கள். அதனால் உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

அப்பா சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்து, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கணபதி என்னும் ஊருக்கு வந்து, பம்ப்செட் பட்டறை ஒன்றில் சேர்ந்தார். மோட்டார்களைச் சோதித்து அனுப்புவது அவர் வேலை. ஓடும் மோட்டாரின் மேல் திருப்புளியின் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்பார். "பேரிங் போச்சுங்க, கழட்டுங்க" என்பார். கழற்றினால் போயிருக்கும். அந்தக் காதை வைத்தே என்னையும் தங்கையையும் படிக்கவைத்தார். யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை.

ஓய்வுக்குப் பின் அவருக்கிருந்த ஒரே ஆடம்பரம், காலையில் எங்கள் பழைய காரின் பின்சீட்டில் நடுவாக உட்கார்ந்து வானொலிச் செய்தி கேட்பது. வீட்டுக்குள் டிவி, மிக்ஸி, நான் என்று மூன்று இரைச்சல்கள் என்பது அவர் கட்சி.

அதில்தான் கைவைத்தேன். ஐம்பது வயதில் சிலருக்குச் சர்க்கரை வரும். எனக்கு ஒலிஞானம் வந்தது. நாலு வீடியோ பார்த்துவிட்டுக் காந்திபுரத்தில் ஸ்பீக்கர்கள் வாங்கினேன். "மாட்டியும் தந்தர்றமுங்க" என்ற கடைக்காரரைப் பார்த்து, படித்தவனுக்கே உரிய அசட்டுச் சிரிப்பொன்றைச் சிரித்தேன். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கார்க் கதவுகளில் ஒரு ஜோடி, ஹாலில் டிவிக்கு ஒரு ஜோடி. சத்தம் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் பரவிக் கிடந்தது. அதைத் தரம் என்று நினைத்தேன்.

மறுநாளே அப்பா சொன்னார்: "கண்ணு, பேச்சே கேக்கலயே. ரெண்டும் மல்லுக்கட்டுது பாரு."

"அது ஸ்டீரியோங்கப்பா. போகப் போகப் பழகிரும்."

"ஒண்ணு தள்ளுது, ஒண்ணு இழுக்குதுடா."

திருப்புளியை எடுத்துக்கொண்டு காரை நோக்கிப் போனார். அதை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். "உடுங்கப்பா. இது உங்க மோட்டார் இல்லீங்க, உங்களுக்குப் புரியாது."

அப்பா தம் வெறுங்கையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

பிறகு காது மருத்துவர். "இந்த வயசுக்கு இது நல்ல காதுங்க" என்றார். எனக்கு மருத்துவர் மேல்தான் சந்தேகம் வந்தது. காது மிஷின் வாங்கி மாட்டிவிட்டேன். அப்பா மறுக்கவில்லை. காரில் போய் உட்காருவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். காய்ச்சலில் படுத்த கடைசி வாரத்திலும் கத்திக் கத்தித்தான் அவரிடம் பேசினோம். என் குரலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அவர் மறைந்த மூன்றாம் மாதம், பழுது பார்த்து விற்கலாமென்று காரை ரபீக் பாயின் பட்டறையில் விட்டேன். கதவைக் கழற்றியவர் கேட்டார்: "ஏனுங்க, இத எந்த மகராசன் மாட்டுனது?"

"தெரியலீங்க பாய்" என்றேன்.

"ஒரு பக்கம் பிளஸ்ஸையும் மைனஸையும் மாத்திக் குடுத்துப்போட்டானுங்க. ஒண்ணு தள்றப்ப இன்னொண்ணு இழுக்கும். பேச்சு நடுவுல கரைஞ்சு போயிருமுங்க."

இரண்டு ஒயர்களை மாற்றினார். என் டீ ஆறுவதற்குள் முடிந்தது. பின்சீட்டின் நடுவில் போய் உட்கார்ந்தேன். செய்தி வாசிப்பவர் எதிரே உட்கார்ந்து பேசுவதுபோலப் பேசினார். வீட்டுக்கு வந்து ஹாலில் பார்த்தால் அங்கும் அதே தப்பு. இரண்டு இடத்திலும் ஒன்றுபோலத் தவறு செய்ய ஒரு நிதானம் வேண்டும். அது என்னிடம் இருந்திருக்கிறது. காரை விற்கவில்லை.

அப்பாவை மருத்துவமனைக்குத் தூக்கிச்சென்ற எதிர்வீட்டாருக்கும், கடைசிவரை வீடு தேடி வந்து சவரம் செய்துவிட்டவருக்கும், நான் நம்ப மறுத்த காது மருத்துவருக்கும், ரபீக் பாய்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இனி அப்பாவைப் பற்றிப் பேசும்போது "பாவம், காது கேக்காது" என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாமெனக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"அவருக்குக் காது கேக்கும்னு எனக்குத் தெரியுமே கண்ணு. நீ பக்கத்துல வந்து உக்காந்தீன்னா, அந்த மிஷின ஆஃப் பண்ணிப்போட்டுத் தலைய மட்டும் ஆட்டுவாரு."